தொலைந்த உறவைத் தேடி: ஹாரிஸா முதல் கண்ட்வாவின் தாய் வரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது எங்கள் தர்மபுரி மாவட்டத்திற்குப் பழகிப்போன ஒன்று. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், ஆலை வேலைக்கு ஓசூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். சிலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். போனவர் முதலில் வாரம் ஒருமுறை பேசுவார். பிறகு பெருநாளுக்குப் பெருநாள் பேசுவார். ஒருநாள் கைப்பேசி எண் மாறும்; குடியிருந்த வீடு மாறும்; தொடர்பு நின்றுவிடும். சண்டையும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. ஆயினும் உறவு அறுந்துவிடுகிறது. வீட்டில் ஒரு ஜனாஸா நிகழும்போதுதான், சொல்லியனுப்ப வேண்டிய தம்பி எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியவில்லை என்பது புலப்படுகிறது.

இவ்வாறு தொடர்பு அறுந்தவரை ஒருவர் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்க இயலுமா? இயலும் என்று வரலாறு சொல்கிறது. அத்துடன் இன்னொன்றையும் சொல்கிறது. தேடுபவரின் கால்கள் எவ்வளவு தூரம் நடந்தாலும், பெயர், தந்தையின் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் யாரேனும் காத்துவைத்திருந்தால்தான் தேடல் வீடுவந்து சேரும். இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருப்பது அந்த வரலாற்றைத்தான்.

திருக்குர்ஆன் காட்டும் இரு தேடல்கள்

திருமறையில் இரண்டு குடும்பங்களின் தேடல் இடம்பெற்றுள்ளது. முதலாவது மூஸா (அலை) அவர்களின் தாயாருடையது. பச்சிளங்குழந்தையை ஆற்றில் விட்ட அத்தாய், குழந்தையின் தடத்தைப் பின்தொடரும்படி தம் மகளிடம் சொன்னதை சூரா அல்கஸஸின் 11ஆம் வசனம் கூறுகிறது. அச்சிறுமி ஒருவரும் அறியாதவாறு விலகி நின்று கவனித்தார். குழந்தை எந்த மாளிகையில் இருக்கிறது, யாரிடமும் பால் அருந்த மறுக்கிறது என்பதையெல்லாம் அறிந்துகொண்டார். உரிய நேரத்தில், பாலூட்டி வளர்க்கக்கூடிய ஒரு குடும்பத்தைத் தாம் காட்டட்டுமா என்று கேட்டார். குழந்தை தாயின் மடிக்கே திரும்பியது. அந்தத் தேடலில் ஆரவாரமே இல்லை. பொறுமையும் கூர்ந்த கவனமும் மட்டுமே இருந்தன.

இரண்டாவது யஅகூப் (அலை) அவர்களுடையது. மகன் யூஸுஃபைப் (அலை) பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று. துக்கத்தால் கண்பார்வையும் மங்கிற்று. ஆயினும், சென்று யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் பற்றி விசாரியுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள் என்னும் கருத்தில் தம் மக்களிடம் அவர் கட்டளையிட்டதை சூரா யூஸுஃபின் 87ஆம் வசனம் தருகிறது. பொறுமைக்கு முன்மாதிரியான அந்த நபி, பொறுமை என்பது கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று கருதவில்லை. துஆவும் செய்தார், ஆள் அனுப்பித் தேடவும் செய்தார்.

அங்கு ஆளப்பட்டுள்ள சொல் 'தஹஸ்ஸுஸ்' என்னும் வேரிலிருந்து வருவது. விசாரித்து அறிதல் என்பது அதன் பொருள். சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கும் துருவி ஆராய்தலுக்குத் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர். முந்தையது நன்மைக்கும் பிந்தையது தீமைக்கும் ஆளப்படும் என்று இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரில் விளக்குகிறார். பிறர் குறையை நாடி இவற்றுள் எதைச் செய்தாலும் கூடாது என்று ஹதீஸ் தடுக்கிறது. ஆகவே தேடுபவரின் நோக்கம் என்ன என்பதே முதற்கேள்வி.

ஹாரிஸாவின் மகன்

இஸ்லாமிய வரலாற்றில், காணாமற்போன பிள்ளையைத் தேடிக் கண்டடைந்த தந்தை என்றதும் நினைவுக்கு வருபவர் கல்ப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸா. அவருடைய மகன் ஸைத் சிறுவராக இருந்தபோது, தாயார் ஸுஃதா அவரைத் தம் பிறந்தகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே கொள்ளையர் பாய்ந்து சிறுவரைக் கவர்ந்து சென்றனர். உக்காழ் சந்தையில் அவர் அடிமையாக விற்கப்பட்டார். ஹகீம் பின் ஹிஸாம் அவரைத் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்காக வாங்கினார். கதீஜா (ரலி) அவர்கள், நபித்துவத்திற்கு முன்பே, ஸைதைத் தம் கணவர் முஹம்மத் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார்கள்.

தந்தை ஹாரிஸா ஆற்றாமையைக் கவிதைகளாகப் பாடியவாறு தேடித் திரிந்தார். எந்தத் திசையில் சென்றான், உயிரோடிருக்கிறானா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இப்னு ஸஅத் (ரஹ்) தமது தபகாத் நூலில் பதிவுசெய்துள்ள செய்திப்படி, வழி திறந்தது ஒரு ஹஜ்ஜுக் காலத்தில்தான். கல்ப் குலத்தார் சிலர் மக்காவுக்கு வந்தபோது ஸைதை அடையாளம் கண்டனர். ஸைதும் அவர்களை அறிந்துகொண்டார். தாம் நலமாக இருப்பதாகவும் கவலைப்பட வேண்டாம் என்றும் அவர்கள்வழியே வீட்டாருக்குச் சொல்லியனுப்பினார்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடிமைச் சந்தையில் விற்கப்பட்டு, நெடுந்தொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அச்சிறுவர், தாம் யாருடைய மகன், எந்தக் குலத்தவர் என்பதை மறக்கவில்லை. தந்தை பாலைவனத்தில் தேடினார். மகன் நினைவில் காத்துவைத்தார். இரண்டும் ஹஜ்ஜுக் கூட்டத்தில் சந்தித்தன.

செய்தி கிடைத்ததும் ஹாரிஸாவும் அவர் சகோதரர் கஅபும் மீட்புத்தொகையுடன் மக்கா வந்தனர். நபி (ஸல்) அவர்கள் தொகையைக் கேட்கவில்லை. ஸைதை அழைத்து அவரையே தேர்வு செய்யச் சொல்வோம், உங்களைத் தேர்ந்தால் தொகையின்றியே அழைத்துச் செல்லுங்கள் என்று கூறினார்கள். ஸைத் (ரலி) அவர்கள் நபியவர்களுடன் இருப்பதையே தேர்ந்தெடுத்தார்கள். தந்தையும் சிறிய தந்தையும் முதலில் திகைத்தனர். நபி (ஸல்) அவர்கள் ஸைதைக் கஅபாவின் அருகே அழைத்துச் சென்று, இவர் என் மகன் என்று மக்கள் முன் அறிவித்ததும் மனநிறைவோடு ஊர் திரும்பினர்.

மகனைக் கண்டுபிடித்தும் அழைத்துச் செல்லாமல் திரும்பினார் அத்தந்தை. அது தோல்வி அன்று. மகன் எங்கே, யாரோடு, எந்நிலையில் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. தேடலின் முதல் நோக்கம் அதுவே.

பெயரைக் காத்த வசனம்

அதன்பின் மக்கள் அவரை ஸைத் பின் முஹம்மத் என்றே அழைத்துவந்தனர். சூரா அல்அஹ்ஸாபின் 5ஆம் வசனம் இறங்கியபோது அவ்வழக்கம் நின்றது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும். தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று அவ்வசனம் நெறிப்படுத்தியது. அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் படைத்தளபதியாக ஷஹீதான அவரை உலகம் இன்றும் அப்பெயராலேயே அறிகிறது.

இச்சட்டத்தை வாரிசுரிமை, திருமண உறவு ஆகியவற்றோடு இணைத்தே நாம் பெரும்பாலும் பாடம் நடத்துகிறோம். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பிள்ளையின் அன்பான வளர்ப்பு எங்கு நடந்தாலும், அவன் வேருக்குத் திரும்பும் வழி அடைபடக்கூடாது. தந்தையின் பெயர் அழிக்கப்பட்டால் தேடி வருபவர் எதைச் சொல்லி விசாரிப்பார்?

உறவுகளைச் சேர்ந்து வாழ உதவும் அளவுக்கு உங்கள் வம்சாவழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் உள்ளது. வம்சப் பெருமை பேசுவதற்காக அன்று. உறவைச் சேர்ப்பதற்காகவே அந்த அறிவு.

ஆளை அடையாளம் காணும் கலை

ஒரு மனிதரைச் சரியாக அடையாளம் காண்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் நம் ஹதீஸ் அறிஞர்கள். ஒரேயொரு ஹதீஸுக்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் செய்து, ஷாம் நாட்டில் அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைத் தேடிச் சென்றார்கள். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து எகிப்துக்குச் சென்றது உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களைக் காண்பதற்காக. எகிப்தில் அவர்கள் முதலில் போய் நின்றது, அங்கே ஆளுநராக இருந்த மஸ்லமா பின் முகல்லத் (ரலி) அவர்களின் வாசலில். உக்பாவின் வீட்டைக் காட்ட ஓர் ஆளை அனுப்புங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, தெரியாத வீட்டைக் கண்டடையும் அந்த முறை இன்றைக்கும் பொருந்தும்.

பின்வந்த அறிஞர்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், குன்யத் என்னும் அழைப்புப்பெயர், குலம், ஊர், தொழில், ஆசிரியர், மாணவர், இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதிவைத்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அத்தாரீகுல் கபீர் அத்தகைய நூல். ஒரே பெயரும் ஒரே தந்தைப் பெயரும் கொண்ட வெவ்வேறு மனிதர்களைப் பிரித்தறிவதற்காகவே ஹிஜ்ரி 463இல் காலமான கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக் என்னும் நூலை எழுதினார்கள்.

இன்று முகநூலில் அப்துல் ரஹ்மான் என்று தேடுபவர் எண்ணற்ற முகங்களைக் கண்டு மலைக்கிறார். அவருக்கு வேண்டிய விடை அந்த அறிஞர்களிடமே இருக்கிறது. பெயர் மட்டும் போதாது. யாருடைய மகன், எந்த ஊர், என்ன தொழில், யாரிடம் ஓதினார், யாரோடு பழகினார் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கக் கூட்டம் குறையும். இறுதியில் ஒருவர் நிற்பார்.

கண்ட்வாவின் தாய்

பெயரும் ஊரும் சிதைந்துபோனால் தேடல் எவ்வளவு கடினமாகும் என்பதற்கு, நம் காலத்தில் உலகமறிந்த சான்று சாரூ பிரையர்லியின் வாழ்க்கை. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா நகரில், கட்டட வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஏழைத் தாயின் மகன் அவர். 1986இல், ஏறக்குறைய 5 வயதில், அண்ணன் குட்டுவோடு புர்ஹான்பூர் ரயில் நிலையம் வரை சென்றார். அண்ணன் வருவதற்குள் உறங்கிவிட்டு, விழித்ததும் நின்றிருந்த ரயிலில் ஏறினார். அது அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் கொல்கத்தாவின் ஹவுரா நிலையம்.

சொந்த ஊரைச் சொல்லக்கூட அவரால் இயலவில்லை. கணேஷ் தலாய் என்னும் தம் பகுதியின் பெயர் அவர் மழலையில் 'ஜினெஸ்ட்லே' ஆயிற்று. புர்ஹான்பூர் 'பெராம்பூர்' ஆயிற்று. ஷேரு என்னும் தம் பெயரே சாரூ ஆயிற்று. தாயின் முழுப்பெயரும் அவருக்குத் தெரியாது. விசாரித்தவர்களால் ஊரைக் கண்டறிய முடியவில்லை. 1987இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அவரைத் தத்தெடுத்து அன்போடு வளர்த்தனர்.

வளர்ந்தபின் அவர் கூகுள் எர்த் செயற்கைக்கோள் படங்களில் ஊரைத் தேடத் தொடங்கினார். ரயிலில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை நினைவுகூர்ந்து, ரயிலின் வேகத்தோடு பெருக்கி, ஹவுராவைச் சுற்றி ஓர் எல்லையை வகுத்துக்கொண்டார். அங்கிருந்து பிரியும் தண்டவாளங்களை ஒவ்வோர் இரவும் பின்தொடர்ந்தார். ஆண்டுகள் சென்றன. 2011இல், தாம் வகுத்த எல்லைக்கு வெளியே, நினைவிலிருந்த நீர்த்தொட்டியும் ரயில் நிலையமும் கொண்ட புர்ஹான்பூர் கண்ணில் பட்டது. அங்கிருந்து தண்டவாளத்தைப் பிடித்துச் சென்று கண்ட்வாவை அடைந்தார். கண்ட்வாவுக்கென்று இருந்த ஒரு முகநூல் குழுவில் விசாரித்து உறுதிசெய்துகொண்டார். 2012 பிப்ரவரியில் நேரில் சென்றார். பழைய வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் அவரைச் சற்றுத் தொலைவிலேயே இருந்த தாயிடம் அழைத்துச் சென்றனர்.

இஸ்லாத்தைத் தழுவி ஃபாத்திமா என்னும் பெயரைப் பூண்டிருந்த அத்தாய், மகன் என்றேனும் திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையில் அப்பகுதியைவிட்டு அகல மறுத்தவர். மூத்தமகன் குட்டு அதே சமயத்தில் ரயிலில் அடிபட்டு இறந்திருந்தார். ஒரே வேளையில் இரு மகன்களை இழந்த துயரத்திலும் நம்பிக்கையைக் கைவிடவில்லை அந்தத் தாய். 2013இல் சாரூ எழுதி வெளியிட்ட நூலும் 2016இல் வந்த 'லயன்' திரைப்படமும் இச்செய்தியை உலகெங்கும் கொண்டுசென்றன.

எல்லோரும் கூகுளைப் புகழ்ந்தனர். செயற்கைக்கோள் காட்டியது ஊரை மட்டுமே. தாயைக் காட்டியது, அவர் அந்த மண்ணைவிட்டு நகராமல் இருந்ததும், அவரை அறிந்த அண்டைவீட்டாரும். தாயின் பெயரும் ஊரின் பெயரும் அந்தப் பிள்ளையின் நாவில் திருத்தமாகப் பதிந்திருந்தால், 25 ஆண்டுகள் சில நாட்களாகக் குறைந்திருக்கக்கூடும்.

நம் மாவட்டத்தில் தேடுவோருக்கு

இந்த வரலாற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். தர்மபுரி மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். அதற்கு முந்தைய கடிதங்களிலும் பத்திரங்களிலும் சேலம் ஜில்லா என்றே இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே பழைய முகவரியில் தர்மபுரி மாவட்டம் என்றிருந்தால், அந்த ஊர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கலாம். ஓசூரும் ஊத்தங்கரையும் அவ்வாறானவை. அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்ததே 1972இல்தான். எண் இல்லாத உறையைப் பயனற்றது என்று எறிந்துவிடலாகாது.

பெயர் எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். உருது பேசும் குடும்பத்தின் ஒரே பெயர், தமிழ்ப் பதிவேடுகளில் ஷேக், சேக், ஷைக் என்றும், சையத், சையது, ஸையித் என்றும் பலவாறு இருக்கும். வாக்காளர் பட்டியலில் தேடும்போது எல்லா வடிவங்களையும் பார்க்க வேண்டும். அப்பட்டியலில் தந்தை அல்லது கணவர் பெயரும் இருப்பது பெரும் உதவி. தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னெழுத்தாக இடுகிறோம். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர் மறைந்தால், தந்தையின் பெயரும் மறைந்துவிடும்.

இவற்றைவிடச் சிறந்த ஆவணங்கள் நம் பள்ளிவாசல்களில் உள்ளன. நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் தந்தையர் பெயரும், சாட்சிகளின் பெயரும், நாளும் பதிவாகியுள்ளன. மதரஸாவின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் தந்தை பெயரும் முகவரியும் உள்ளன. முத்தவல்லியையோ இமாமையோ அணுகி, காரணத்தைச் சொல்லி, முறையாகக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, குடும்பத்தில் மூத்தவரிடம் அமர்ந்து அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வது. பிழையாகத் தோன்றும் ஊர்ப்பெயரையும் ஒலித்தபடியே எழுத வேண்டும். 'பெராம்பூர்' என்னும் பிழைக்குள்தான் புர்ஹான்பூர் ஒளிந்திருந்தது.

கண்டுபிடித்தபின் பேண வேண்டிய ஒழுக்கம்

அபூ அய்யூப் (ரலி) அவர்கள் எகிப்து வரை தேடிச்சென்று கேட்ட ஹதீஸ், ஒரு முஃமினின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்துடையது. தேடுவோர் மனத்தில் இருத்த வேண்டியது அதுவே. தொலைந்தவர் கடனிலோ வறுமையிலோ, சொல்லவியலாத வேறொரு நிலையிலோ இருக்கலாம். அதைக் கண்டவர் ஊருக்குப் பறையறையலாகாது. அவருடைய புகைப்படத்தையும் எண்ணையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பலாகாது. திடீரென வாசலில் போய் நிற்பதைவிட, நம்பத்தகுந்த ஒருவர்வழியே ஸலாம் சொல்லியனுப்புவது சிறப்பு.

அவர் இப்போதைக்குத் திரும்ப விரும்பவில்லை என்றால், ஹாரிஸாவின் மனநிறைவு நமக்கு முன்மாதிரி. உறவைச் சேர்ப்பவர் என்போர் பதிலுக்குப் பதில் செய்பவர் அல்லர், அறுக்கப்பட்ட உறவையும் சேர்ப்பவரே என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதைப் புகாரி பதிவுசெய்கிறது. நம் ஸலாம் போய்ச் சேர்ந்தது; கதவு திறந்தே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. நம் கடமையில் பெரும்பகுதி நிறைவேறிற்று.

தேடியும் கிடைக்காதபோது

எல்லாத் தேடலும் கண்ட்வாவில் முடிவதில்லை. உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாதவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்கின்றன. அவர் இறந்ததாகத் தீர்ப்பாகும்வரை அவர் சொத்தைப் பங்கிடலாகாது. அவருக்கு வரவேண்டிய வாரிசுப் பங்கும் நிறுத்திவைக்கப்படும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, அவருடைய சமவயதினர் மறையும்வரை மனைவி காத்திருக்க வேண்டும். அதனால் பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) முதலிய இந்திய ஹனஃபி அறிஞர்கள், உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடியொற்றிய மாலிகி மத்ஹபின் நான்காண்டுத் தவணையை ஏற்றனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கணவரைப் பற்றிய தகவல் நான்கு ஆண்டுகள் இல்லாதிருந்தால் மனைவி நீதிமன்றத்தை நாட வழிசெய்கிறது. மாலிகி முறையில் காழி முதலில் விசாரித்துத் தேடச் செய்வார். அதன் பின்னரே தவணை எண்ணப்படும். தேடாமல் கைவிட மார்க்கம் இடங்கொடுக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, இன்று மஃக்ரிபுக்குப் பின் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். பாட்டனார், பாட்டியார் பெயர்களையும், முன்னெழுத்துகளின் விரிவையும், பழைய ஊர், இன்றைய ஊர், ஊரைவிட்டுப் போனவர்கள், போன ஆண்டு ஆகியவற்றையும் எழுதுங்கள். பேசத் தொடங்கிய பிள்ளைக்குக் கலிமாவோடு தன் முழுப்பெயரையும், தாய் தந்தையர் பெயரையும், ஊரையும் மாவட்டத்தையும் திருத்தமாகச் சொல்லக் கற்பியுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர், இன்று உங்களையும் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் விசாரித்து வரும்போது, அவர் சொல்லும் பெயரை அறிந்த ஒருவரேனும் நம் தெருவில் இருக்கட்டும்.

யஅகூப் (அலை) அவர்களுக்கு யூஸுஃபையும், மூஸாவின் தாயாருக்கு மகனையும் மீட்டளித்த வல்ல அல்லாஹ், பிரிந்திருக்கும் நம் உறவுகளையும் நலமுடன் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.